சாரும் டீச்சரும் பேசாத ஞாயிறுகள்

“முதல்ல ரெண்டாம் ஷிப்டு வாசிக்கலாம்னு சார்கிட்டச் சொல்லிருங்க கண்ணு” என்றார் டீச்சர். சார் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்று சாக்ஸபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, முதலில் ரெண்டாம் ஷிப்டாம் என்றேன். “சரின்னு சொல்லுங்க அம்மணி” என்றார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் மறுபடியும் டீச்சர் பக்கம் திரும்பி, சரியாம் என்றேன். அவிநாசி சாலையில் ஒரு ஹோட்டலின் உணவுக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணிப் பாத்திரத்தின் மூடியை யாராவது திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணமாகி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்ட ஒரு கணவனும் மனைவியும், என் வழியாக மட்டும் பேசிக்கொண்டு, ஜாஸ் வாசிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் வாசித்தது பேஸ் கிடார்தான் என்றாலும், அந்த மாதங்களில் என் பிழைப்பு மத்தளத்தின் பிழைப்பாகவே இருந்தது.

நான் பல் மருத்துவர். டீச்சர் முதன்முதலில் ஒரு கடைவாய்ப் பல்லோடுதான் என்னிடம் வந்தார். கல்லூரி விடுதியில் பழகிய பேஸ் கிடாரைக் கிளினிக்கின் பின்னறையில் சாய்த்து வைத்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வாயில் பஞ்சு இருந்ததால் உடனே கேட்க முடியவில்லை. பஞ்சை எடுத்ததும் வந்த முதல் கேள்வி பல்லைப் பற்றியதாக இல்லை. அடுத்த ஞாயிறே சிங்காநல்லூரில் அவர்கள் வீட்டு முன்னறையில், ஒரு பியானோவுக்கும் ஒரு சாக்ஸபோனுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தவர், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். சார் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா தாராபுரத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் இருந்தவராம். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் அந்த வழியில் வந்தவை.

ஜாஸ் மட்டும் எந்த வழியிலும் வரவில்லை, மில்லுக்கு வந்தது. புதிய இயந்திரங்களைப் பொருத்த சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு பொறியாளர், ஊருக்குத் திரும்பும்போது கூட வேலை செய்த சாருக்கு ஒரு கைப்பை நிறைய கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே அவராகப் பதிவு செய்துகொண்டவை. மேலே ஒரு எழுத்துக்கூட இல்லை, யார் வாசித்தது, என்ன பாட்டு, எதுவும் தெரியாது. கல்யாணமான புதிதில் இருவரும் அவற்றைப் போட்டுப் போட்டுக் கேட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, ஒவ்வொரு மெட்டாகப் பிடித்திருக்கிறார்கள். பெயர் தெரியாத பாட்டுகளுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். ரெண்டாம் ஷிப்டு, தாராபுரம் கடைசி பஸ், மாமியார் வந்திருக்காங்க, இப்படி. பின்னாளில் விவரம் தெரிந்த விருந்தாளிகள் யாராவது அருகில் வந்து, நீங்கள் வாசித்தது இன்னாருடைய இன்ன பாட்டு என்று ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. சார் மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். விருந்தாளி நகர்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, “அடுத்து மாமியார் வந்திருக்காங்க” என்பார்.

கோயம்புத்தூரில் ஜாஸ் கேட்பவர்கள் யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மில் குடும்பங்களின் வரவேற்புகள், ஒரு கிளப்பின் ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் சமயத்தில் கொஞ்சம் நெரிசல், பிறகு இந்த ஹோட்டலின் ஞாயிறு மதியம். அவ்வளவுதான் எங்கள் உலகம். தாராபுரத்து உறவினர் ஒருவர் முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குதுங்க, எப்ப ஆரம்பிக்கறீங்க?” என்று கேட்டார். சாப்பிடுகிறவர்கள் எங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள், நாங்களும் அவர்களைத் தொந்தரவு செய்யமாட்டோம். ஒரு ஊரில் ஒரு கலை நிலைப்பதற்கு இந்த உடன்பாடு போதும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

சாரும் டீச்சரும் வீட்டில் நன்றாகச் சண்டை போடுவார்கள். ஒருமுறை சர்ச்சில் எல்லோருக்கும் சாப்பாடு போடும் அசனப் பண்டிகை நாளன்று, டீச்சரைக் கேட்காமல் ஒரு வரவேற்புக்குச் சார் வாக்குக் கொடுத்துவிட்டார். டீச்சர் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு வந்து உட்கார்ந்து, தாராபுரம் கடைசி பஸ்ஸை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் கிளப்பினார். சார் மூச்சு வாங்க அதைத் துரத்தினார். நான் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் பின்னால் ஓடினேன். மாப்பிள்ளையின் தாய்மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையருகே வந்து நின்றுவிட்டார். நான் அவர்களோடு வாசித்தவற்றில் அதுவே சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். திரும்பும் வழியில் சார் என்னிடம், “டீச்சருக்குக் கோவம் வந்தாத்தான் பியானோவுக்கு உசுரு வருமுங்க” என்றார். அதை அவர் ஒரு தொழில் ரகசியம்போலச் சொன்னார். பின்னால் நடந்த எல்லாத் துன்பத்துக்கும் இந்த நம்பிக்கைதான் காரணம்.

அந்தத் துன்பத்தைச் சொல்வதற்கு முன் எங்கள் வாசிப்பு முறையைச் சொல்லிவிட வேண்டும். முதலில் மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். பிறகு ஒருவர் தனி எடுப்பார். மெட்டின் நீளம் எவ்வளவோ அதுதான் ஒரு சுற்று. அந்த அளவுக்குள் அவர் மனம்போனபடி வாசிக்கலாம், ஒரு சுற்றோ நாலு சுற்றோ அவர் விருப்பம். அவர் முடிக்கும்போது அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் இதற்குத் தலையசைப்பார்கள், கண் காட்டுவார்கள். சாரும் டீச்சரும் எதுவும் செய்யமாட்டார்கள். டீச்சருடைய தனி எங்கே இறங்குகிறது என்று கேட்டே சாருக்குத் தெரியும், கடைசிச் சுரம் அடங்கும் இடத்தில் சாக்ஸபோன் எழும்பும். தலையாட்டிக் கூப்பிடுவது கேட்கத் தெரியாதவர்களுக்கு என்பது டீச்சரின் கட்சி. அதில் அவருக்கு நிறையவே கர்வம் உண்டு.

ஒரு ஞாயிறு ஹோட்டலுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சின்னச் சின்ன இசைக்கூட்டங்கள் நடத்துபவர், எங்களைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்க வந்தவர். டீச்சர் ரெண்டாம் ஷிப்டில் தனி எடுத்தார். முதல் இரண்டு சுற்றுகள் அடக்கமாக, மூன்றாவதில் ஏதோ ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இடது கை ஒரே இடத்தில் நின்று தட்டிக்கொண்டிருக்க, வலது கை மெல்ல மெல்ல மேலே ஏறியது. ஏறி முடிக்கவில்லை. சுற்றின் பாதியில், வாக்கியத்தின் நடுவில் குறுக்கே பேசுவதுபோலச் சார் சாக்ஸபோனோடு உள்ளே நுழைந்தார். டீச்சரின் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு ஒதுங்கிக்கொண்டு, அவருக்குத் துணையாக வாசிக்க ஆரம்பித்தது. சாப்பிட்டவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

இடைவேளையில் காபி வந்தது. சென்னைக்காரர் ஏதாவது கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதுபோல, சார் தானாகவே சொன்னார்: “டீச்சர் இன்னைக்குக் கொஞ்சம் நீட்டிப்போட்டாங்க. அதுனால நான் எடுத்துப்போட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வந்தவரும் சிரித்தார், பிறகு பிரியாணியைப் பற்றிப் பேசினார், கைகுலுக்கிவிட்டுப் போனார். அவரால் எங்களுக்கு நல்லதோ கெட்டதோ எதுவும் நடக்கவில்லை. டீச்சர் கோப்பையை வைத்தார். அடுத்த ஞாயிறு, நான் முதலில் சொன்னதுபோல, என்னைத் தூது விட ஆரம்பித்தார்.

ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று இருந்தேன். சண்டை பியானோவில் இறங்கும், நாங்கள் பின்னால் ஓடுவோம் என்று காத்திருந்தேன். சாரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் டீச்சர் வேகமாக வாசிக்கவில்லை, சத்தமாக வாசிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. தனி வந்தால் இரண்டு சுற்றோடு நிறுத்தினார். பிறகு ஒரு சுற்றோடு. அதையும் மெட்டை விட்டு விலகாமல், பரீட்சைக்குப் போன பிள்ளையைப்போல, தப்பில்லாமல் வாசித்துவிட்டு ஒதுங்கினார். பிறகு ஒருநாள், “எனக்குத் தனி வேண்டாம்னு சொல்லிருங்க கண்ணு, அவிங்களே வாசிக்கட்டும்” என்றார். ஒரு நல்ல பியானோக்காரர் என் கண்ணெதிரே வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே போனார். ஹோட்டலில், இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு இதமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு மாலை டீச்சர் என் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்தார். பல்லில் ஒன்றுமில்லை. “இத்தனை வருசமா நான் நீட்டிக்கிட்டேதான் இருந்திருப்பேனாட்ட இருக்குது கண்ணு” என்றார். “அவிங்க பொறுத்துப் பொறுத்துப் பாத்துப்போட்டுத்தான் சொல்லியிருக்கறாங்க. சும்மா சொல்ற ஆளில்லீங்களே அவிங்க. இனி சர்ச்சோட நிறுத்திக்கலாம்னு இருக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமை கடைசி.” அழவில்லை, குரல்கூட மாறவில்லை. கடைக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு எழுந்து போவதுபோல எழுந்து போனார். அவர் கோபத்தில் இருக்கிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதே வாரத்தில் சாரும் வந்தார். அவருக்கு உண்மையிலேயே பல்வலி. எங்கள் தொழிலில் மருத்துவர் நோயாளிக்கு வலப்பக்கம் நிற்பார், உதவியாளர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்ததும் என் உதவியாளர், “கொப்புளிச்சுத் துப்புங்க சார்” என்றாள். சார் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் மறுபடி சொன்னாள். பிறகு காதருகே குனிந்து சொன்னாள். அவர் அசையவில்லை. நான் வலப்பக்கத்திலிருந்து மெதுவாக, கொப்புளிக்கலாம் சார் என்றேன். உடனே எழுந்து கொப்புளித்தார். ஹோட்டல் மேடையில் பியானோ அவருக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்தேன். இடப்பக்கம்.

உதவியாளரை அனுப்பிவிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது அடைத்ததுபோல ஆகி, பின் திறக்கவே இல்லையாம். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். சென்னைக்காரர் வந்த அன்று டீச்சர் தனி வாசித்தபோது அருகில் ஒரு மேசையில் குழந்தைகள் கத்தியதில் பியானோ சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது. வழக்கம்போல மூன்று சுற்றில் முடிப்பார் என்று சுற்றுகளை எண்ணி நுழைந்திருக்கிறார், எண்ணிக்கை தப்பிவிட்டது. “அப்படியே சொல்லியிருக்கலாமே சார்” என்றேன். கன்னத்தைத் தடவிக்கொண்டார். “சொன்னா அவ எனக்காகச் சத்தமா வாசிப்பாளுங்க அம்மணி. நான் பக்கத்துல நிக்கறேன்னு ஒவ்வொரு சுரமா எனக்கு எடுத்துக் குடுத்துட்டே இருப்பா. அப்பறம் அது வாசிப்பா? அதுக்குப் பதிலாக் கோவிச்சுக்கிட்டே போகட்டும்னு நெனைச்சேன். கோவம் வந்தா அவ நல்லா வாசிப்பாளல்லங்க” என்றார்.

டீச்சரிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நோயாளி சொன்னதை வெளியே சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல, எனவே ஒப்புக்கொண்டேன். ஆனால் டீச்சர் அன்றைக்கு நோயாளியாக வரவில்லை, அவர் பல்லை நான் பார்க்கவே இல்லை. ஆகவே அவர் சொன்னதைச் சாரிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை என்று முடிவு செய்தேன். சொன்னேன். கோபம் இல்லை சார், நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார் என்றேன். சார் நாற்காலியை விட்டு இறங்கி, செருப்பை மாட்டுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார். “அப்பிடியா சொன்னா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு, நாங்கள் வாசிக்கத் தொடங்கும் முன், சார் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். அவர் மைக்கில் பேசி நான் கேட்டதே இல்லை. “எல்லாரும் சாப்புடுங்க. ஒரு சமாச்சாரம் சொல்லோணுங்க” என்றார். சிலர் நிமிர்ந்தார்கள். “எனக்கு இடது காது கேக்கறதில்லீங்க. இதே எடத்துல ஒருநாள் டீச்சர் தனியா வாசிச்சுட்டு இருந்தாங்க. எனக்குக் கேக்காம நடுவுல பூந்துபோட்டேன். அப்பறம் அவிங்க நீட்டிப்போட்டாங்கன்னு சொல்லிப்போட்டேன். அது பொய்யிங்க. அவிங்க வாசிச்சது அளவாத்தான் இருந்துச்சுங்க.” யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது. முன் மேசையிலிருந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர், தன்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று எண்ணியோ என்னவோ, “பரவால்லீங்க, உடுங்க” என்றார்.

டீச்சர் பியானோ முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. பிறகு சாரைப் பார்த்து, யார் வழியாகவும் இல்லாமல், நேராகவே பேசினார். “நான் கோவிச்சுக்குவேன்னு நெனைச்சீங்களாக்கும். நான் நம்பிப்போட்டனேங்க” என்றார். டீச்சர் எழுந்து பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டார். பியானோவை அந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்றார். மேலாளர் ஓடிவந்து, சாப்பாடு முடியட்டுமே மேடம் என்றார். முடியாது என்றார் டீச்சர். காலில் உருளைகள் வைத்த பழைய பியானோ அது. சாப்பிடுகிறவர்களின் நடுவே கிறீச்சிட்டுக்கொண்டு மேடையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குப் போனது. நான் கிடாரின் தந்தியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்று டீச்சர் பிரமாதமாக வாசித்தார் என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. ஒரே ஒரு சுற்று வாசித்தார், அதிலும் பாதி தயக்கம். சிறுத்துப்போன வாசிப்பு உண்மையைச் சொன்னதும் ஊதிப் பெருத்துவிடாது. ஒரு சுற்று இரண்டாக, இரண்டு மூன்றாக ஆவதற்கு மறு கிறிஸ்துமஸ்வரை ஆனது. வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தூது வேலை போய்விட்டதால் தெரிந்துகொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது.

இப்போது அந்த ஹோட்டலில் வாசிப்பு இல்லை. கூடத்தைப் புதுப்பித்தபோது பியானோவை எடுத்துவிட்டு, சுவரிலேயே ஒலிபெருக்கிகள் பதித்துவிட்டார்கள். நாங்கள் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில், ஞாயிறு பிற்பகலில் வாசிக்கிறோம். கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள் வருகிறார்கள், பாட்டின் சரியான பெயர்களை அவர்கள் போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள், சார் தலையசைக்கிறார். அவருடைய வலது காதும் மங்கிக்கொண்டு வருகிறது. காதுக்கருவி வைத்துப் பார்த்தார், சாக்ஸபோன் மில் ஓடுவதுபோலக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பியானோ எந்தப் பக்கம் இருந்தாலும் டீச்சருடைய தனி எங்கே இறங்குகிறது என்று அவருக்கு இப்போது நிச்சயமாகத் தெரிவதில்லை. அதனால் டீச்சர் தன் கர்வத்தை விட்டுவிட்டார். தலையசைத்தால் சார் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர். எனவே தனி முடியும் இடத்தில், வாசித்துக்கொண்டே, கடை முழுக்கக் கேட்கும்படி “வாங்க” என்கிறார். சார் உள்ளே வருகிறார். புதிதாக வருகிறவர்கள் இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒருநாள் டீச்சர் நாலு சுற்று வாசித்து, இறக்கிக் கொண்டுவந்து, “வாங்க” என்றார். சார் வரவில்லை. சாக்ஸபோனைக் கையில் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். டீச்சர் வேறு வழியில்லாமல் அடுத்த சுற்றுக்குள் போனார். அடுத்த சுற்றின் முடிவில் இன்னும் சத்தமாக, “ஏனுங்க, வாங்க” என்றார். இந்தமுறை வந்தார். வலது காதும் போய்விட்டது என்றே நினைத்தேன். இடைவேளையில் டீச்சர் காபி வாங்கப் போயிருந்தபோது, சாருடைய வலப்பக்கமாகப் போய், குனிந்து, முதல் தடவை கூப்பிட்டது கேட்கவில்லையா சார் என்று கேட்டேன்.

“கேட்டுச்சுங்க அம்மணி” என்றார் சார். “இன்னொரு சுத்து வாசிக்கட்டுமேன்னு நின்னுபோட்டனுங்க.”